தேதியைப் பாருங்கள், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, மேற்கு மாம்பலத்துக் கொசுவையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"மக்களிடையே பகையை மூட்டுவது அரசியல் மோதலா, மனதில் ஊறிப்போன முன்முடிவா?" என்பது தலைப்பு. அரசியல் மோதலே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா ஒரு விறகை வீசிவிட்டுப் போனார். "ஈர விறகு பற்றுமா? உள்ளே காய்ந்த விறகு இருப்பதால்தானே தீக்குச்சி வேலை செய்கிறது?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நானும்தான் தட்டினேன்.

சரி அக்கா, விறகு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றிவளைத்துக் கேட்கிற ஊர் இது. பானிபூரி விற்கிறவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே நமக்குத் தோன்றாது, 'இந்திக்காரன்', அவ்வளவுதான். இதை மறைத்துப் பேசினால் நடுவரே சிரித்துவிடுவார். ஆனால் வீட்டுக்கு வீடு கேஸ் சிலிண்டரும்தான் இருக்கிறது. தினமுமா வெடிக்கிறது? ஒரு நாள் வெடித்தால், வந்து விசாரிக்கிறவர் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு?" என்றுதான். நானும் அதையேதான் கேட்கிறேன். என்றைக்கு வெடித்தது?

காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு கொடுத்தது 1991 ஜூன் 25. பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டது டிசம்பர் 12, 13. முன்முடிவுதான் காரணம் என்றால் அது ஜூன் மாதம் எங்கே போயிருந்தது? விடுமுறையிலா? தமிழரும் கன்னடரும் ஒரே மார்க்கெட்டில் கத்தரிக்காய் பேரம் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். இடையில் தீர்ப்பை முடக்க கர்நாடகம் ஓர் அவசரச் சட்டம் போட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. டிசம்பர் 11 அன்று தீர்ப்பு மத்திய அரசிதழில் வந்தது. மறுநாள் கலவரம். அந்த ஐந்தரை மாதத்தில் சூடு ஏறியது ஆற்றிலா, மேடையிலா?

கொழும்பு, 1983 ஜூலை. இந்தக் கூட்டத்திலேயே அந்த மாதத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து சென்னையில் தங்கிவிட்ட குடும்பத்தினர் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் 13 ராணுவ வீரர்கள் கொல்லப்பட்ட மறுநாள் தொடங்கியது தமிழர்களுக்கு எதிரான அந்தக் கலவரம். தமிழர் வீடு எது என்று தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். அக்கா, முன்முடிவு முறைக்கும், திட்டும், பெண் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும். பட்டியல் எடுத்துக்கொண்டு வருமா? அதற்கு வேறு ஆள் வேண்டும்.

நம் ஊருக்கே வருகிறேன். 2023 மார்ச் முதல் தேதி சென்னை நந்தனத்தில் அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலினின் பிறந்தநாள் கூட்டம். அப்போதைய பீகார் துணை முதலமைச்சர் தேஜஸ்வி யாதவ் வந்து மேடையில் உட்கார்ந்தார். அதே வாரம் பீகார் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியின் கூச்சல்: தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளைக் கொல்கிறார்களாம்! ஆதாரம், வாட்ஸ்ஆப்பில் சுற்றிய வீடியோக்கள். ஒன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை, இன்னொன்று திருப்பூரில் பீகார்க்காரர்களே தங்களுக்குள் போட்டுக்கொண்டது என்று தமிழ்நாட்டுக் காவல்துறை விளக்கியது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் வந்து விசாரித்துப் பார்த்துவிட்டுப் போனது.

எங்கள் வீட்டு அடுப்படியில் அப்போது டைல்ஸ் வேலை. போட்டுக்கொண்டிருந்த பையனுக்கு ஊர் பீகாரில் சாப்ரா பக்கம். பாதித் தரை முடிந்திருந்தது. அவனுடைய அம்மா ஒரு நாளைக்கு ஐந்து தடவை போன் செய்தார். அவன் எனக்கு ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணா, இது நம்ம ஊரா?" என்று கேட்டான். கவனியுங்கள், 'நம்ம ஊர்' என்றான்! இல்லை என்று சொன்னேன். தலையாட்டினான். ராத்திரியே சென்ட்ரலுக்குப் போய்விட்டான். சாப்ராவுக்குப் போகிற ரயிலுக்குப் பெயர் கங்கா காவேரி. பெயர் வைத்தவர் நல்ல மனிதராக இருக்க வேண்டும். பக்கெட்டில் அவன் குழைத்து வைத்த ஒயிட் சிமெண்ட் காலையில் கல்லாகியிருந்தது. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்ஆப் குழுவில், பொங்கலுக்கு அவனைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்ட அதே பெரியவர் எழுதினார்: "போனால் போகட்டும், இவங்களால ஊரே கெட்டுப்போச்சு." அந்த எண்ணம் அவரிடம் ஜனவரியிலும் இருந்திருக்கும். ஜனவரியில் அது சாம்பார் ஊற்றியது. மார்ச்சில்தான் மெசேஜ் அனுப்பியது.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. 2016 மட்டும் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 5, காவிரியில் தமிழ்நாட்டுக்கு வினாடிக்கு 15,000 கன அடி தண்ணீர் விடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 12-ஆம் தேதி மயிலாப்பூரில் கர்நாடகத்துக்காரர் ஓட்டல் ஒன்றில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். அன்றைக்கே பெங்களூரில் ஒரு டெப்போவில் 30-க்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. அங்கே என் அத்தை மகன் தன் டி.என். பைக்கில் சிவப்பு மஞ்சள் கன்னடக் கொடி கட்டிக்கொண்டு ஆபீஸ் போனான். இங்கே எங்கள் மூன்றாவது மாடி மாமா, மைசூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட நன்றாக மாம்பலத் தமிழ் பேசுவார். அவர் காருக்கோ கே.ஏ. பதிவெண். வாட்ச்மேன் எங்கிருந்தோ பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார். ஏதோ ஒரு தலைவர் படம். கும்பிட்ட கை சரியாக நம்பர் பிளேட்டின் மேல் வந்தது.

எத்தனை நாள் அப்படிக் கிடந்தது தெரியுமா? 22-ஆம் தேதி இரவு ஜெயலலிதா அம்மையார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மறுநாள் ஊரின் கண் மொத்தமும் அந்த மருத்துவமனை இருக்கும் கிரீம்ஸ் ரோடு பக்கம் திரும்பிவிட்டது. காவிரி வழக்கு முடியவில்லை, அதற்கு 2018 வரை ஆனது. யார் மனதும் சுத்தமாகிவிடவில்லை. ஆனால் அந்த வாரமே மாமா கீழே இறங்கி வந்தார். ஃப்ளெக்ஸை உருவினார், தூசி தட்டினார், நாலாக மடித்து வாட்ச்மேனிடம் கொடுத்தார்.

"பத்திரமா வெச்சுக்கோப்பா, திரும்பத் தேவைப்படும்" என்றார்.