உடம்பு மருந்தை வெளியேற்றும் விதம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குப் பெனிசிலின் ஊசி போட்டார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்து, ஒரு கண்ணையும் இழந்திருந்தவர், சில நாட்களிலேயே தேறத் தொடங்கினார். ஆனால் மருத்துவர்கள் கையில் இருந்த மருந்து மிகக் கொஞ்சம். அதனால் அவருடைய சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்து பெனிசிலினைப் பிரித்தெடுத்து, மறுபடியும் அவருக்கே செலுத்தினார்கள். அப்படியும் இருப்புத் தீர்ந்தது. நோய் திரும்பி, மார்ச் 15 அன்று அவர் இறந்தார்.

மருந்து பலித்தும் ஒருவரைக் காப்பாற்ற முடியாமல் போன அந்தத் துயரத்தை என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. சிறுநீரகம் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகிறது. பெனிசிலின் விஷயத்தில் அதோடு நிற்பதில்லை. சிறுநீரக நுண்குழாய்களின் சுவரில் உள்ள புரதங்கள் அதை ரத்தத்திலிருந்து இழுத்துச் சிறுநீரில் சேர்த்துவிடுகின்றன. இந்த வேகத்தைத் தடுக்கவே பிற்பாடு புரோபெனசிட் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

எல்லா மருந்தும் இப்படிச் சுலபமாக வெளியேறாது. கொழுப்பில் கரைபவற்றைச் சிறுநீரகம் வடிகட்டினாலும் அவை மீண்டும் ரத்தத்துக்கே திரும்பிவிடும். அவற்றை நீரில் கரையும்படி மாற்றுவது கல்லீரலின் நொதிகள். பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பகுதி தீங்கின்றி மாறி வெளியேறுகிறது. சிறு பங்கு மட்டும் நச்சாக மாறுகிறது. அதைக் குளூட்டாதயோன் என்ற பொருள் உடனுக்குடன் முறித்துவிடும். அளவை மீறி விழுங்கினால் அந்தக் கையிருப்பு கரைந்து, நச்சு கல்லீரல் செல்களைத் தாக்குகிறது. கொடுமை என்னவென்றால், முதல் நாளில் பெரிதாக எதுவும் தெரியாமலே இருக்கலாம். முறிமருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் முழுப் பலன். அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்கிறோம். வலி நிவாரணியான இபுப்ரோஃபெனுக்கு அது சுமார் 2 மணி நேரம். இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோனுக்கோ வாரக்கணக்கு. ஒன்றை நாளுக்கு மூன்று வேளை, இன்னொன்றை ஒரே வேளை என்று எழுதித் தருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கடைசியாக, வீட்டில் முதியவர்கள் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வேகம் குறைகிறது; மருந்து கூடுதல் நேரம் தங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் சரியாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. தசை மெலிந்த பாட்டிக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் அந்த எண் இயல்பாகவே காட்டும். வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டாரா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.