மணலைக் கல்லாக்கும் தண்ணீர்

வணக்கம் நேயர்களே. பாறைகளைப் பற்றிப் பேச வருகிறேன் என்றால் எரிமலைக் கதை வரும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். நான் இன்றைக்குச் சேற்றையும் மணலையும் பற்றிப் பேசப்போகிறேன். ஆறும் காற்றும் கடலும் கொண்டுவந்து கொட்டிய இந்தத் தூளெல்லாம் எப்படிக் கல்லாகிறது? சாதாரணக் கேள்விதான். ஆனால் உலகின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கை மூடியிருப்பவை இப்படி உண்டான படிவுப் பாறைகளே.

படிவுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, மேலே இருக்கும் எடையால் இறுகிப் பாறையாகின்றன என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நானும் தேர்வில் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன்தான். அந்தப் பதில் பாதிதான் சரி.

சரியான பாதியை முதலில் பார்த்துவிடலாம். நீருக்கடியில் புதிதாகப் படிந்த சேற்றில் பத்துக்கு ஏழு, எட்டுப் பங்கு வெறும் தண்ணீர். களிமண் துகள்கள் தட்டையானவை. சீட்டுக்கட்டைக் கலைத்துக் கொட்டினால் சீட்டுகள் ஏறுக்குமாறாக நிற்குமே, அப்படித்தான் அவை கிடக்கும். மேலே படிவு ஏற ஏற, நின்ற சீட்டுகள் படுத்துவிடுகின்றன. இடையில் இருந்த தண்ணீர் பிதுங்கி வெளியேறுகிறது. சில கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்தபின் பார்த்தால், பத்து மீட்டர் கனமாக இருந்த சேறு மூன்று மீட்டர்கூட இருக்காது. களிப்பாறையைத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரிவதற்கும் இந்தப் படுத்த சீட்டுகள்தான் காரணம்.

சரி, மணல்? அங்கேதான் பாடப்புத்தகப் பதில் தடுக்கி விழுகிறது. மணல்மணிகள் உருண்டையானவை, கெட்டியானவை. புதிதாகக் குவிந்த மணலில் நூற்றுக்கு நாற்பது பங்குபோல இடைவெளி இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் மணிகள் கொஞ்சம் நகர்ந்து நெருங்கும், சில உடையும். அப்புறம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றுவிடும். கால்வாசி இடைவெளி அப்படியே மிச்சம். எடையை எடுத்துவிட்டால் கையில் இருப்பது பழைய மணல்தான். குழந்தைகள் கட்டும் மணல்வீட்டைப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை நிற்கும், காய்ந்தால் சரிந்துவிடும்.

அப்படியானால் ஒட்டுவது எது? தண்ணீர்தான். சரியாகச் சொன்னால், தண்ணீரில் கரைந்து வருகிற சரக்கு. நிலத்தடி நீரில் சுண்ணாம்புச் சத்து, சிலிக்கா, இரும்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கரைந்திருக்கும். மணிகளின் இடுக்கு வழியாக அது ஊர்ந்து போகும்போது, சூடும் வேதிச் சூழலும் மாறும் இடத்தில் கரைந்தது படிகமாகத் தங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் உப்பு கட்டிதட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தில் ஒவ்வொரு மணியின் மேற்பரப்பும் லேசாகக் கரைந்து, திரும்பக் காயும்போது இரண்டு மணிக்கு நடுவே பாலம் போட்டுவிடுகிறது. அதன்மேல் யாரும் எடை வைக்கவில்லை! பூமிக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான், வெகு நிதானமாக. பல மணற்கற்கள் சிவப்பாக இருப்பதற்கும் மணிகளைச் சுற்றிப் படிந்த இரும்பு ஆக்ஸைடுதான் காரணம்.

கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் ஒளி ஊடுருவும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் நிலவியலாளர் ஹென்றி கிளிஃப்டன் சார்பி இப்படிச் சீவல் செய்து நுண்ணோக்கியில் வைத்தபோது, மலையை நுண்ணோக்கியால் ஆராய்வது முறையல்ல என்று சொல்லிச் சிரித்தார்களாம். மணல்மணிகளில் பெரும்பாலானவை குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிக்கா. அந்தக் குவார்ட்ஸ் மணற்கல் ஒன்றை அப்படிப் பார்த்தால் மணிகள் மூலைமூலையாகப் பொருந்தியிருக்கும், நடுவே ஒட்டுப்பொருள் எதுவும் தெரியாது. உற்றுப்பார்த்தால், ஒவ்வொரு மணிக்குள்ளும் தூசியால் போட்ட மாதிரி மெல்லிய வட்டக்கோடு ஒன்று இருக்கும். பழைய மணலின் எல்லை அது. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் பின்னால் வளர்ந்த குவார்ட்ஸ். மணியின் படிக ஒழுங்கையே பிடித்துக்கொண்டு வளர்வதால் பழையதும் புதியதும் ஒரே துண்டாகத் தெரிகின்றன.

இந்த வளர்ச்சி சுறுசுறுப்பாக நடக்க எழுபது, எண்பது டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பல இடங்களில் அதற்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழம் போகவேண்டும். சிலிக்காவில் ஒரு பங்கு அந்த மணிகளிடமிருந்தே வருகிறது. இரண்டு மணிகள் முட்டும் புள்ளியில், மேலே இருக்கும் எடையின் அழுத்தத்தால் கரைந்து, பக்கத்து இடைவெளியில் படிகிறது. எடைக்கு நான் முன்னால் கொடுக்காத மரியாதையை இங்கே கொடுத்துவிடுகிறேன்.

வயதானால் எல்லாம் கல்லாகிவிடும் என்பதும் சரியில்லை. ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் ஒரு நீலக் களிமண் இருக்கிறது. வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல். ஆழமாகப் புதையாததால் இன்றும் ஈரத்தோடு கையில் பிசையலாம். மாறாக, வெப்பமண்டலக் கடற்கரைகளில் அலை வந்துபோகும் இடத்திலேயே மணல் சில பத்தாண்டுகளில் கல்லாகிவிடும். கடல்நீரின் சுண்ணாம்பு செய்கிற வேலை. அந்தக் கடற்கரைப் பாறைக்குள் கண்ணாடிப் பாட்டில்கள்கூட ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

ஒட்டியதைப் பிரிக்கவும் முடியும். சுண்ணாம்புச் சத்து ஒட்டிய மணற்கல் துண்டு ஒன்றை ஒருநாள் மாலை நீர்த்த அமிலத்தில் போட்டுவைத்தேன். நுரைத்தது, சீறியது. காலையில் கல்லைக் காணோம். குடுவை அடியில் ஒரு பிடி மணல். கழுவிக் காயவைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். பல மணிகள் வெறும் உருண்டைதான். ஒன்றில் மட்டும், வெளி உருண்டைக்கு உள்ளே அந்தத் தூசிக்கோடு தெரிந்தது. கோட்டுக்கு வெளியே வளர்ந்திருந்த குவார்ட்ஸும் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. என் கைக்கு வந்த கல்லில் சேர்வதற்கு முன்பே, அந்த மணி வேறொரு கல்லில் இருந்து உதிர்ந்து, ஏதோ ஓர் ஆற்றில் உருண்டு வந்திருக்கிறது.