அம்பாசடருக்குப் புது கிரில்: அட்டை வெட்டுறதிலிருந்து மாட்டுற வரைக்கும்

[காட்சி: அம்பாசடரின் முன்பக்கம். பழைய கிரில் கழற்றப்பட்டு ரேடியேட்டர் தெரிகிறது.]

அம்பாசடர் வாங்குனவங்களுக்கு முதல்ல கை அரிக்கிற இடம் இந்த முகம்தான். கம்பெனியும் அதைத்தான் செஞ்சுது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ல இருந்து பிறந்த இந்த வண்டி உத்தரபாராவுல 2014 வரைக்கும் தயாராச்சு. உடம்பு பெரிசா மாறவேயில்ல. மார்க் 2-ல நெருக்கமான கட்டம், மார்க் 3-ல படுக்கைப் பட்டை, மார்க் 4-ல திரும்பவும் கட்டம்னு மூஞ்சியை மட்டும் மாத்திக்கிட்டே இருந்தாங்க.

நாம பண்ணப்போறது மார்க் 2 சாயல்ல ஒரு கட்டம் போட்ட கிரில், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடுல.

ஏன் குரோம் வேணாம்? முலாம் பூசும்போது கட்டத்தோட உள்மூலைக்குக் கரண்ட் சரியா எட்டாது. அங்க மெல்லிசாத்தான் படியும், துருவும் அங்கேருந்துதான் கிளம்பும். எஸ்.எஸ்.ல அந்தக் கவலை இல்ல, ஆனா 304 கிரேடுதான்னு கேட்டு வாங்குங்க. வீட்டு கேட்டுக்கும் கைப்பிடிக்கும் போடற 202-ஐ கடையில தள்ளிவிடுவாங்க. காந்தம் வெச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். கடலோர ஊர்னா 202-ல பழுப்புப் புள்ளி சீக்கிரமே வந்துடும்.

[காட்சி: அட்டையை முன்பக்கத் திறப்பில் வைத்துப் பென்சிலால் கோடு போடுகிறார்கள்.]

இப்போ அளவு. நிறைய பேர் பாதிக்கு மட்டும் அட்டை வெட்டி, அதையே திருப்பிப் போட்டு மறுபாதியை வரைவாங்க. புது வண்டிக்கு அது சரி. எத்தனை தடவை டிங்கரிங் பார்த்திருக்கும் இந்த வண்டி! இடதும் வலதும் ஒண்ணா இருக்கும்னு நம்பவே கூடாது. முழுத் திறப்புக்கும் ஒரே அட்டை. எந்தப் பக்கம் டிரைவர் பக்கம்னு அதுலயே எழுதிடுங்க.

அடுத்தது வளைவு. படுக்கைப் பட்டை விளிம்பு முன்னாடி தெரியற மாதிரி இருக்கணும். அப்படி வைக்கிற படுக்கைப் பட்டையைக் கையால வளைக்க முடியாது, முறுக்கிக்கும். அதனால 2 மி.மீ. தகடுல வளைவோடவே லேசர் கட்டிங் கொடுத்துடறோம். மேலிருந்து கீழா நிக்கிற பட்டை உக்கார்ற வெட்டும் அதோடவே வந்துடும். படுக்கைப் பட்டையில பாதி ஆழம், நிக்கிற பட்டையில பாதி ஆழம். வெட்டோட அகலம் சரியா 2 மி.மீ. வெச்சா சுத்தியல் எடுக்க வேண்டிவரும். வெர்னியர்ல தகட்டோட கனம் பார்த்து, 0.1 இல்லேன்னா 0.2 மி.மீ. கூடுதலா விடுங்க.

[காட்சி: வரைபடம். பெரிய கட்டம், சின்னக் கட்டம், நடுவே காற்று அம்புகள்.]

கட்டம் எவ்வளவு நெருக்கமா? 25 மி.மீ. இடைவெளிக்கு ஒரு பட்டைன்னா, முகப்புல சுமார் 85 சதவீதம் காத்துக்குத் திறந்திருக்கும். 12 மி.மீ.க்கு ஒண்ணுன்னா 69-க்கு இறங்கிடும். அழகு என்னமோ நெருக்கத்துலதான். ஆனா சிக்னல்ல நிக்கறப்போ கிடைக்கிறது ஃபேன் இழுக்கிற காத்து மட்டும்தானே! என் ஓட்டு பெரிய கட்டத்துக்கு.

கோக்கறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு பட்டையையும் பஃபிங் (சக்கரத்துல பாலிஷ்) பண்ணிடுங்க. கோத்த பிறகு கட்டத்துக்குள்ள சக்கரம் போகாது.

[காட்சி: ஆர்கான் வெல்டிங், பின்பக்கத்திலிருந்து.]

வெல்டிங் பின்பக்கம் மட்டும்தான். எஸ்.எஸ். சூட்டுல இரும்பைவிட ஒன்றரை மடங்கு விரியும், சூட்டையும் சீக்கிரம் கடத்தாது. ஒரே மூலையில தொடர்ந்து ஊதினா மொத்தமும் அப்பளமாயிடும். கனமான பிளேட்டுல கிளாம்ப் போட்டு, நடுவுல ஒரு டேக் (சின்னப் புள்ளி வெல்டு), இந்த ஓரம் ஒண்ணு, அந்த ஓரம் ஒண்ணு. ஆறவிட்டு அடுத்தது.

மாட்டும்போது போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் கட்டாயம். எஸ்.எஸ். நேரா பாடி இரும்புல பட்டு, மழைத்தண்ணியும் சேர்ந்தா, அரிக்கிறது உங்க பாடியைத்தான். அடிக்கடி வர்ற கடகட சத்தமும் அடங்கும்.

பானெட்டை மெதுவா இறக்கி, லாக் எங்கயும் இடிக்குதான்னு பாருங்க. பிறகு மத்தியான வெயில்ல அரை மணி நேரம் நகரத்துக்குள்ள ஓட்டிட்டு வாங்க. டெம்பரேச்சர் முள்ளு பழைய கிரில்லோட நின்ன இடத்தைத் தாண்டுச்சுன்னா, ஒண்ணுவிட்டு ஒண்ணா நிக்கிற பட்டையைக் கழட்ட வேண்டியதுதான். அதுக்காகத்தான் அவற்றுக்கு முழு வெல்டிங் போடாம டேக்கோட விட்டோம்.