இரண்டாம் பாகமும் குழந்தையின் கேள்வியும்

வணக்கம் நேயர்களே.

குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற அனிமேஷன் படங்களின் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் எல்லாம் முதல் படத்துக்கு ஈடாகின்றனவா என்று பேச அழைத்திருக்கிறார்கள். “முதல் படம் மாதிரி வராது” என்று பெரியவர்கள் யோசிக்காமலே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலான படங்களுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் முதல் படத்தையே தாண்டிப் போன இரண்டாம் பாகங்களும் இருக்கின்றன. அவை எப்படித் தாண்டின என்பதைத்தான் நான் பேச விரும்புகிறேன்.

நண்பர்கள் சிலரோடு சேர்ந்து குழந்தைகளுக்குப் படம் திரையிட்டு வருகிறேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவர்களைப் பேசவிடுவோம். படம் என்ன கருத்துச் சொல்கிறது என்று ஒரு குழந்தையும் கேட்டதில்லை. “அதற்கப்புறம் அந்தப் பொம்மை என்ன ஆனது?”, “அவனுடைய அம்மா எங்கே?” என்றுதான் கேட்பார்கள். படம் எடுத்தவர்கள் அந்தக் கேள்வியை மதித்து, அதன் பின்னாலேயே போயிருந்தால் இரண்டாம் பாகம் நிற்கிறது. இல்லையென்றால், ஓடின படத்தின் பெயரை இன்னொரு முறை விற்றதாகத்தான் ஆகிறது.

விற்பதில் தவறில்லை, அது தொழில். தெரிந்த முகம் என்றால் டிக்கெட் விற்கும், பொம்மை விற்கும், பள்ளிப் பை விற்கும். வால்ட் டிஸ்னிக்கே இந்த நெருக்கடி வந்தது. 1933இல் அவர் வெளியிட்ட மூன்று பன்றிக்குட்டிகளின் குறும்படம் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்றது. இன்னும் பன்றிகள் வேண்டும் என்று கேட்டார்கள். அவரும் எடுத்துக் கொடுத்தார். எதுவும் முதல் படத்தின் அருகில் வரவில்லை. பன்றிகளை வைத்துப் பன்றிகளை மிஞ்ச முடியாது என்பது அவர் கண்ட பாடம்.

அவருடைய நிறுவனமே பிற்பாடு அந்தப் பாடத்தை மறந்தது. 1994இல் ‘அலாவுதீன்’ படத்தின் தொடர்ச்சியைத் திரையரங்குக்குக் கொண்டுபோகாமல் நேராக வீடியோ கேசட்டாக வெளியிட்டார்கள். முதல் படத்துக்கு உயிர் கொடுத்த பூதத்தின் குரல் ராபின் வில்லியம்ஸுடையது. தொடர்ச்சியில் அவர் இல்லை, வேறொருவர் பேசினார். இருந்தும் கேசட் நன்றாக விற்றது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் சிங்க ராஜா, கடல்கன்னி, சிண்ட்ரெல்லா என்று ஒன்றுவிடாமல் தொடர்ச்சிகள் வந்தன. குறைந்த செலவு, குறைந்த காலம். திரையில் அது அப்படியே தெரியும்.

அந்தக் குவியலிலும் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைப்பேன். 1942இல் வந்த ‘பேம்பி’யில் மான்குட்டியின் தாய் வேடனின் குண்டுக்குப் பலியாகிறது. பனிக்குள் குட்டி தாயைத் தேடுகிறது. தகப்பன் மான் வந்து நிற்கிறது. சட்டென்று காட்சி மாறி வசந்தம் வந்துவிடுகிறது, குட்டியும் வளர்ந்துவிடுகிறது. நடுவில் அதை யார் பார்த்துக்கொண்டார்கள்? 2006இல் வந்த இரண்டாம் பாகம் அந்த இடைவெளிக்குள் போய் உட்கார்ந்தது. குட்டியை வளர்க்கத் தெரியாத தகப்பன் மான், வேறொரு பெண் மானிடம் அதை ஒப்படைக்கப் பார்க்கிறது. ஓவியத்திலும் இசையிலும் மூலப் படத்தின் பக்கத்தில் வைக்க முடியாத படம்தான். ஆனால் அது எடுத்துக்கொண்ட கேள்வி உண்மையானது, அதனால் அதற்கு மூச்சு இருக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இரண்டாம் பாகத்துக்கு வருகிறேன். ‘குங் ஃபூ பாண்டா’ முதல் படம் 2008இல் வந்தது. நூடுல்ஸ் கடையில் வேலை செய்யும் குண்டுப் பாண்டா போ, பெரிய வீரனாகும் கதை. அவனுடைய அப்பா பிங் ஒரு வாத்து. படம் அதைப் பற்றி வாயே திறக்காது. ஒரு கட்டத்தில், மகனிடம் வெகுநாளாகச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லப்போவதாக அப்பா ஆரம்பிப்பார். அப்போதும் வெளியே வருவது சூப்பின் ரகசியம்தான். பெரியவர்கள் சிரித்துவிட்டுக் கடந்து போனார்கள். எங்கள் திரையிடலில் குழந்தைகள் விடவில்லை. வாத்துக்கு எப்படிப் பாண்டா பிறந்தது என்று விளக்குப் போட்டதும் கேட்டார்கள்.

2011இல் வந்த இரண்டாம் பாகம் முழுக்க அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது. இயக்கியவர் ஜெனிஃபர் யூ நெல்சன். முதல் படத்தில் கதைப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர், அதன் தொடக்கத்தில் வரும் கையால் வரைந்த கனவுக் காட்சியை இயக்கியவர். ஹாலிவுட்டின் பெரிய நிறுவனம் ஒன்றின் முழுநீள அனிமேஷன் படத்தைத் தனியாக இயக்கிய முதல் பெண் அவர்தான். படம் தோற்பாவைக்கூத்து போன்ற ஒரு நிழலாட்டத்தோடு தொடங்குகிறது. வெடிமருந்தால் நாட்டைப் பிடிக்க நினைக்கும் மயில் இளவரசன் ஷென், கறுப்பு வெள்ளை நிற வீரன் ஒருவனால் தனக்கு அழிவு என்ற சோதிடத்தைக் கேட்டு, பாண்டாக்களின் ஊரையே அழிக்கிறான். இத்தனை இருண்ட விஷயத்தைச் சிறுவர் படத்தின் முதல் சில நிமிடங்களில் வைக்கத் துணிச்சல் வேண்டும்.

நினைவு கிளறப்பட்ட போ, வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்கிறான். பிங் சொல்வதைக் கேளுங்கள். ஒருநாள் கடைக்குக் காய்கறி வந்தது. முள்ளங்கிப் பெட்டியைத் திறந்தால் முள்ளங்கி ஒன்றுகூட இல்லை, பசியோடு ஒரு பாண்டாக் குட்டி உட்கார்ந்திருக்கிறது. தேடி யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார், யாரும் வரவில்லை. உள்ளே தூக்கிக்கொண்டு போய்ச் சோறு ஊட்டினார், குளிப்பாட்டினார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது மகன் தேடிப் போக வேண்டியதாகிறது.

அதற்கான விடை மழையில் வருகிறது. துரத்தி வரும் ஓநாய்களுக்கு முன்னால் பாண்டாத் தாய் ஓடுகிறாள். ஒரு முள்ளங்கிப் பெட்டியில் குட்டியை மறைத்துவிட்டு, ஓநாய்களை வேறு திசைக்கு இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். தன்னை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் என்ற எண்ணம் போவைப் படம் முழுவதும் அரித்துக்கொண்டிருந்தது. விட்டுவிடவில்லை, காப்பாற்றினார்கள் என்று அப்போது புரிகிறது. முதல் படத்தில் சிரிக்க வைத்த நூடுல்ஸும் வாத்து அப்பாவும் இந்த இடத்தில் முற்றிலும் வேறு கனம் பெறுகிறார்கள். திரும்பி வந்த போ, தான் யார் என்று தெரிந்துவிட்டதாகச் சொல்லி, “நான் உங்கள் மகன்” என்று வாத்தைக் கட்டிக்கொள்கிறான். தத்தெடுத்து வளர்க்கப்படும் ஒரு குழந்தை இந்தக் காட்சியை எப்படிப் பார்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் படம் நல்ல படம். இரண்டாவது அதைவிடப் பெரிய படம் என்று தயங்காமல் சொல்வேன்.

முதல் படத்தில் விட்டுப்போனதை எடுத்துப் பேசியது இது. முதல் படம் தந்த மகிழ்ச்சியையே எதிர்த்துக் கேட்ட படமும் உண்டு. பிக்ஸார் நிறுவனத்தின் ‘டாய் ஸ்டோரி’ 1995இல் வந்தது. முழுக்கக் கணினியில் உருவான முதல் முழுநீளப் படம் அது. ஆண்டி என்ற சிறுவனின் பொம்மைகளான உட்டியும் பஸ்ஸும் சண்டை போட்டு, நட்பாகி, அவனிடமே திரும்பிச் சேர்வார்கள். சுபம். இரண்டாம் பாகத்தையும் டிஸ்னி முதலில் வீடியோவுக்கென்றுதான் நினைத்தது, பிறகு திரையரங்குக்கு மாற்றினார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1998இல், யாரோ தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் கணினிக் கோப்புகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. மாற்றுப் பிரதியும் சரியாக இல்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு பெண்ணின் கணினியில் பிரதி இருந்ததால் படம் பிழைத்தது.

இந்தச் சம்பவத்தைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதன்பின் நடந்ததுதான் முக்கியம். அப்படி மீட்ட படத்தைப் போட்டுப் பார்த்தவர்கள், கதை போதாது என்று முடிவு செய்து, வெளியீட்டுக்கு ஒன்பது மாதங்களே இருக்கும்போது பெரும்பகுதியைத் திருப்பிச் செய்தார்கள். ஊழியர்கள் பலர் கைவலியால் அவதிப்பட்டார்கள். அந்த வேலைமுறையை நான் புகழ மாட்டேன். ஆனால் அவர்கள் கண்டுபிடித்த குறை மிகச் சரியானது. ஒரு பொம்மைச் சேகரிப்பாளன் உட்டியைத் திருடிக்கொண்டு போகிறான். அருங்காட்சியகத்தில் என்றைக்கும் அழியாமல் இருப்பதா, ஆண்டியிடம் திரும்புவதா என்று உட்டி தேர்ந்தெடுக்க வேண்டும். திரும்பிவிடுவான் என்று பார்ப்பவர் அனைவருக்கும் முன்னமே தெரியும். அப்புறம் அதில் என்ன பதைப்பு?

அதற்காகத்தான் ஜெஸ்ஸியின் பாட்டு வந்தது. ஜெஸ்ஸி ஒரு மாட்டுக்காரிப் பொம்மை. அவளோடு ஒரு சிறுமி மரத்து ஊஞ்சலில் ஆடுகிறாள், புல்லில் புரள்கிறாள். பொம்மை கட்டிலுக்கு அடியில் விழுகிறது. அங்கிருந்து பார்த்தால் சிறுமியின் கால்கள் மட்டும் தெரிகின்றன. அறையில் குதிரைப் படங்கள் போய் அலங்காரப் பொருட்கள் வருகின்றன, தோழிகள் நகச்சாயம் பூசிக்கொள்கிறார்கள். வருடங்கள் கழித்து ஒரு கை பொம்மையை எடுக்கிறது, காரில் கூட்டிப்போகிறது. பழையபடி விளையாட்டு என்று ஜெஸ்ஸி பூரிக்கிறாள். தெருவோரத்தில் தானத்துக்கு வைத்த அட்டைப்பெட்டிக்குள் போடப்படுகிறாள். பாட்டு ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். ஆண்டி கல்லூரிக்குப் போகும்போது உன்னைக் கூட்டிப்போவானா என்று இன்னொரு பொம்மை உட்டியிடம் கேட்கிறது. அதற்குப் பதில் கிடையாது. அவன் வளர்வதைத் தடுக்க முடியாது என்று தெரிந்தேதான் உட்டி திரும்பிப் போகிறான்.

1999இல் கேட்ட அந்தக் கேள்விக்கு 2010இல் வந்த மூன்றாம் பாகம் பதில் சொன்னது. ஆண்டி கல்லூரிக்குக் கிளம்புகிறான். 1995இல் சிறுவனாக ஆண்டிக்குக் குரல் கொடுத்த ஜான் மாரிஸே இளைஞனாகி மறுபடியும் பேசினார். பொம்மைகளை போனி என்ற சின்னப் பெண்ணிடம் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து கொடுக்கிறான். பெட்டிக்கு அடியில் உட்டியும் கிடக்கிறான். போனி ஆசையாகக் கை நீட்டுகிறாள், ஆண்டி தன்னையறியாமல் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். ஒரு கணம்தான். எனக்கு அந்தக் கை அசைவு போதும். உலக அளவில் நூறு கோடி டாலர் வசூலைத் தொட்ட முதல் அனிமேஷன் படம் அது. முதல் படத்தைப் பார்த்த குழந்தைகளும் ஆண்டியோடு சேர்ந்து வளர்ந்திருந்தார்கள், கதையும் அவர்களுக்காக வயதை ஏற்றுக்கொண்டது.

கேள்வி இருந்தும் தவறிய படம் ‘ஃப்ரோசன் 2’. 2013இல் வந்த முதல் படத்தில் இளவரசி எல்சாவுக்குப் பனி உண்டாக்கும் சக்தி ஏன் வந்தது என்று சொல்லவே இல்லை. பிறவியிலேயே அப்படி, அதனால் ஒளிந்து வாழ்ந்தாள் என்பதே போதுமாக இருந்தது. தன்னிடம் ஏதோ வேறுபாடு இருப்பதாக நினைக்கிற எந்தக் குழந்தையும் அங்கே தன்னை வைத்துக்கொள்ள முடிந்தது. 2019இல் வந்த இரண்டாம் பாகம் ஆவிகள், மந்திரக் காடு, பழைய ஆறு என்று காரணம் தேடிப் போய், அந்த இடத்தை அடைத்துவிட்டது. எல்சா தமிழில் ஸ்ருதி ஹாசனின் குரலில் பேசினாள், காட்சிகளும் கண்ணைப் பறித்தன. ஆனாலும் எனக்கு மனக்குறைதான். அதைவிட வருத்தம் இன்னொன்று. எல்சாவின் பாட்டனார் காட்டு மக்களை ஏமாற்றிக் கட்டிய அணையை உடைக்க வேண்டும், உடைத்தால் சொந்த நகரம் மூழ்கும். எல்சாவின் தங்கை, ‘ஆனா’ என்ற இளவரசி, அதைத் தெரிந்தே செய்கிறாள். சிறுவர் படத்தில் இப்படியொரு கட்டம் அபூர்வம். கடைசி நொடியில் எல்சா வந்து வெள்ளத்தைத் தடுத்துவிடுகிறாள், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. குழந்தைகளால் தாங்க முடியாது என்று பெரியவர்கள் பயந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ‘பேம்பி’யை 1942இலேயே தாங்கினார்கள்.

‘இன்சைட் அவுட்’ இரண்டாம் பாகம், 2024இல் வந்தது, அந்த அளவுக்குப் பயப்படவில்லை. ரைலி என்ற சிறுமியின் மனதுக்குள் இருக்கும் உணர்ச்சிகளே இந்தப் படங்களின் பாத்திரங்கள். முதல் படத்தின் முடிவிலேயே பருவ வயதுக்கான ஒரு பொத்தானைக் காட்டி, இனி என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டிருந்தார்கள். இதில் ரைலிக்குப் பதின்மூன்று வயது, பதற்றம் என்ற புது உணர்ச்சி வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்கிறது. ஐஸ் ஹாக்கி விளையாட்டின் நடுவே, தவறு செய்தவர்களை உட்காரவைக்கும் தண்டனைக் கூண்டில் உட்கார்ந்து அவள் மூச்சுத் திணறும் காட்சியைப் பார்த்தபின், எனக்கும் இப்படி வரும் என்று வெளிப்படையாகச் சொன்ன பிள்ளைகளை அறிவேன். முதல் படத்தில் கற்பனைத் தோழன் பிங் பாங் மறைந்தபோது பட்ட இழப்பு இதில் இல்லை. அந்த விதத்தில் ஒரு படி கீழேதான்.

‘டாய் ஸ்டோரி’ நான்காம் பாகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் நண்பர்களோடு எனக்குச் சண்டை. மூன்றில் அழகாக முடிந்ததை 2019இல் ஏன் கலைத்தார்கள் என்பது அவர்கள் கட்சி. ஆண்டி அத்தனை சொல்லிக் கொடுத்த உட்டியை, போனி அலமாரிக்குள் போட்டு மறக்கிறாள். எனக்கும் வலித்தது. ஆனால் சின்னக் குழந்தை அப்படித்தான் மறக்கும். அதே போனி, குப்பையிலிருந்து எடுத்த, முள்கரண்டி போல் நுனி பிளந்த ஒரு கரண்டிக்குக் கண்ணும் கையும் ஒட்டி ஃபோர்க்கி என்ற பொம்மையாக்குகிறாள். அது உயிர் பெற்றுத் திருதிருவென்று விழிக்கிறது, குப்பைத் தொட்டிக்கே திரும்ப ஓடுகிறது. படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது, புதிதாகச் செய்யப்பட்ட இன்னொரு பொம்மை, தனக்கு எப்படி உயிர் வந்தது என்று ஃபோர்க்கியிடம் கேட்கிறது. தெரியாது என்கிறது ஃபோர்க்கி. பொம்மைகளுக்கு எப்படி உயிர் வந்தது என்று 1995இலிருந்தே குழந்தைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் கற்பிக்காமல், தெரியாது என்று நேர்மையாகச் சொன்னதற்காகவே அந்த நான்காம் பாகத்தின் பக்கம் நிற்கிறேன். நண்பர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நன்றி, வணக்கம்.