கொழுப்புக்கு எடுக்கிற சாம்பிள் வேற, மருந்துக்கு எடுக்கிற சாம்பிள் வேற

[காட்சி: பால் சங்கம், விடிகாலை. வரிசையாகத் தூக்குவாளிகள். டெஸ்டர் ஒரு கரண்டி பாலை மொண்டு சின்ன பாட்டிலில் ஊற்றுகிறார்.]

சங்கத்துல பால் ஊத்துற எல்லாருக்கும் பழகின காட்சி இது. தூக்குல இருந்து ஒரு கரண்டி எடுத்து மெஷின்ல வச்சா கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான மத்த திடப்பொருள்) எவ்வளவுன்னு வந்துடும். பாட்டிலை ஒரு அலசு அலசி, அடுத்தவங்க பாலை ஊத்துவாங்க. கொழுப்பு பாக்க அது போதும். ஆனா மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக் பால்ல தங்கியிருக்கான்னு பாக்கிறதுக்கு இதே கைப்பழக்கத்தோட சாம்பிள் எடுத்தா, வர்ற ரிசல்ட்டை நம்ப முடியாது.

காரணம் அளவுதான். பென்சிலினுக்குக் கோடெக்ஸ்ங்கிற சர்வதேச உணவுத் தர அமைப்பு வச்சிருக்கிற உச்சவரம்பு ஒரு லிட்டர் பாலுக்கு 4 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பாருங்க, 1 மில்லிகிராம் மருந்து 250 லிட்டர் பாலை அந்த வரம்புக்குக் கொண்டு போய் நிறுத்திடும். மடிநோய்க்குக் காம்புல ஏத்துற டியூப்ல இருக்கிறதோ நூத்துக்கணக்கான மில்லிகிராம். டியூப் ஏத்தின விரலைத் துடைக்காம பாட்டில் வாயைப் பிடிச்சீங்கன்னா, மாட்டுப் பால் சுத்தமா இருந்தாலும் பாட்டில் பால்ல மருந்து இருக்கும். அதனால மருந்து போட்டவர் ஒருத்தர், சாம்பிள் எடுக்கிறவர் வேற ஒருத்தரா இருந்தா நல்லது. வீட்ல ஒரே ஆள்தான்னா, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, நல்லாத் தண்ணி விட்டு அலசி, துடைச்சுட்டு எடுங்க.

[காட்சி: மருந்துப் பெட்டியின் லேபிள், அருகில் இருந்து.]

எந்த நாள்ல எடுக்கிறது? லேபிள்ல பாலுக்கான விலக்கு காலம், அதாவது மருந்து போட்ட பிறகு எவ்வளவு நாள் பாலை ஊத்தக் கூடாதுங்கிறது, போட்டிருக்கும். கடைசி டோஸ்ல இருந்துதான் எண்ணணும், முதல் ஊசியில இருந்து இல்ல. விலக்கு காலம் சோதிச்சு உறுதி செய்யப்படாத மருந்துன்னா, பாலுக்கு 7 நாளுக்குக் குறையக் கூடாதுன்னு 2012-ல திருத்தின மருந்து விதி சொல்லுது. டோஸைக் கூட்டியோ நாளை நீட்டியோ போட்டிருந்தா லேபிள் கணக்கு செல்லாது, கால்நடை மருத்துவரைக் கேட்டுக்குங்க. அந்தக் காலம் முடிஞ்சு வர்ற கறவையில சாம்பிள் எடுங்க.

இங்க ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லியாகணும். "ஒரு காம்புலதானே டியூப் ஏத்தினோம், மத்த மூணு காம்புப் பால் நல்ல பால்தானே"ன்னு அந்த ஒரு காம்பை மட்டும் தனியாக் கறந்து கொட்டிட்டு, மீதியைச் சங்கத்துக்குக் கொண்டு வர்றவங்க உண்டு. மருந்து மடியில இருந்து ரத்தத்துக்குப் போகும், ரத்தத்துல இருந்து மத்த காம்புகளுக்கும் வரும். நாலு காம்புப் பாலும் விலக்குதான். சாம்பிளும் நாலு காம்பும் சேர்ந்த பாலா இருக்கணும்.

மடிநோய்க் கிருமி எதுன்னு பாக்க மருத்துவர் எடுக்கிற சாம்பிளோட இதைக் குழப்பிக்காதீங்க. அதுக்கு முதல் சில பீச்சைக் கீழ விட்டு, காம்பு நுனியை ஸ்பிரிட்ல துடைச்சு, அந்தந்தக் காம்புல இருந்து தனித்தனியா எடுப்பாங்க. நமக்கு வேண்டியது முழுக் கறவை. கறந்து முடிச்சு, எல்லாப் பாலும் ஒரே வாளிக்கு வந்த பிறகு எடுக்கணும். கறவையோட ஆரம்பப் பாலும் கடைசிப் பாலும் ஒண்ணு இல்ல, கொழுப்பு கடைசிப் பால்லதான் அதிகம். அதனால சுத்தமான கரண்டியால அடிவரைக்கும் விட்டு நல்லாக் கலக்கிட்டு மொள்ளுங்க. 40 லிட்டர் கேன்னா கலக்கியை அடி முட்ட ஏத்தி இறக்கணும், மேலாகச் சுத்தினா போதாது.

பாட்டில் புதுசா இருக்கட்டும். 50 மில்லி, 100 மில்லி திருகு மூடி பாட்டில் போதும். டானிக் பாட்டில், பழைய ஊசி மருந்து பாட்டில் எல்லாம் வேண்டவே வேண்டாம். பிளீச்சிங் பவுடர்ல கழுவினதும் வேண்டாம்.

[காட்சி: ஊதா நிறக் கூழ் உள்ள சிறு குழாய்கள். சில மஞ்சளாகின்றன, ஒன்று ஊதாவாகவே இருக்கிறது.]

அது ஏன்னு புரிய, டெஸ்ட் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். டெல்வோடெஸ்ட் மாதிரி சோதனையில குழாய்க்குள்ள இருக்கிறது உயிருள்ள பாக்டீரியா. பாலைச் சொட்டு விட்டு 64 டிகிரியில சுமார் மூணு மணி நேரம் வைப்பாங்க. பால்ல மருந்து இல்லேன்னா பாக்டீரியா வளர்ந்து புளிப்பை உண்டாக்கும், ஊதா மஞ்சளாகும். மருந்து இருந்தா வளராது, ஊதா ஊதாவாகவே நிக்கும். ஆனா அந்தப் பாக்டீரியாவுக்குத் தன்னை நிறுத்தினது பென்சிலினா, பிளீச்சிங் பவுடரான்னு சொல்லத் தெரியாது.

ஃபார்மலின் கதையும் இதேதான். பால் கெடக் கூடாதுன்னு சாம்பிள்ல ரெண்டு சொட்டு விடுறது நம்ம ஊர்ல பழக்கம், கொழுப்பு பாக்கிற சாம்பிளுக்கு அது சரி. இங்க விட்டீங்கன்னா ஊசியே போடாத மாட்டுப் பாலும் ஊதாவாத்தான் நிக்கும். சங்கத்துல வாரக் கணக்கா வச்சிருக்கிற சாம்பிளை எடுத்து அனுப்பக் கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

சரி, ஃபார்மலின் இல்லாம பால் எப்படி நிக்கும்? ஐஸ்ல நிக்கும். எடுத்த உடனே தெர்மாகோல் பெட்டியில, ஐஸும் தண்ணியும் கலந்து, பாட்டில் கழுத்து வரைக்கும் மூழ்கிற மாதிரி வைங்க. மூடிக்கு மேல தண்ணி ஏற விடாதீங்க. 4 டிகிரி பக்கத்துல வச்சு, 24 மணி நேரத்துக்குள்ள ஆய்வகத்துல சேர்த்துடுங்க. வெயில்ல புளிச்ச பால் வேற மாதிரி ஏமாத்தும். புளிப்பே குழாயை மஞ்சளாக்கிடும், போதாக்குறைக்குப் பால்ல பெருகின சில கிருமிகள் பென்சிலினையே அழிச்சிடும். மருந்து இருந்த பால் "இல்லை"ன்னு திரும்பி வரும். என்னைக் கேட்டா, ஊதாவை விட இந்தப் பொய் மஞ்சள்தான் ஆபத்து, ஏன்னா அதை யாரும் மறுபடி சோதிக்க மாட்டாங்க.

சீம்பாலையும், மடி வீங்கி இன்னும் திரிதிரியா வர்ற பாலையும் அனுப்பாதீங்க. அதுல மாட்டு உடம்பே சுரக்கிற கிருமித் தடுப்புப் பொருள்கள் அதிகம், அதுவும் டெஸ்ட்டைக் குழப்பும்.

லேபிளைப் பாட்டில் ஈரமில்லாம இருக்கும்போதே ஒட்டி, அழியாத மார்க்கர்ல எழுதுங்க. மூடியில எழுதாதீங்க, மூடி மாறிடும். காதுத் தோட்டுல இருக்கிற 12 இலக்க எண், தேதி, காலைக் கறவையா மாலைக் கறவையா, போட்ட மருந்து, கடைசி டோஸ் போட்ட நேரம், இவ்வளவும் வேணும்.

சங்கச் செயலாளர்களுக்கு ஒண்ணு. மருந்து இருக்கான்னு சந்தேகம் வந்தா, ஒவ்வொருத்தர் பாலையும் கேன்ல ஊத்துறதுக்கு முன்னாடி தனிப் பாட்டில்ல ஒரு சாம்பிள் எடுத்து ஐஸ்ல வைங்க. பல்க் கூலர்ல (எல்லார் பாலையும் சேர்த்துக் குளிர வைக்கிற தொட்டியில) கலந்த பிறகு ஊதா வந்தா, நாப்பது பேர்ல யார் பால்னு யாராலயும் சொல்ல முடியாது, நஷ்டம் எல்லார் தலையிலயும் விழும்.

ஊதா வந்துடுச்சா? வேற பாலோட கலந்து நீர்க்கப் பண்ணலாம்னு நினைக்காதீங்க, 1 மில்லிகிராம் கணக்கை ஞாபகம் வைங்க. காய்ச்சினாலும் பென்சிலின் பெருசாக் குறையாது. கன்னுக்கு ஊட்டினா மருந்துக்கு அடங்காத கிருமி அதோட குடல்ல வளரும். அந்த மாட்டுப் பாலைத் தனியாக் கறந்து கொட்டிட்டு, அடுத்த நாள் புதுப் பாட்டில்ல மறு சாம்பிள் எடுங்க. மஞ்சள் வர்ற வரைக்கும் அந்த மாட்டைக் கடைசியாக் கறங்க, தனி வாளியில.