அம்மம்மா தோய்த்த வேட்டி

தலைவர் அவர்களே, எனக்கு உயர்தரத்தில் இரசாயனவியல் படிப்பித்த ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் இருக்கும் பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கிராம அலுவலர் அம்மா அவர்களே, ஒலிபெருக்கியை இலவசமாகக் கட்டித் தந்த தம்பி அவர்களே, வாசிகசாலை நிர்வாகத்தினரே, பெற்றோர்களே, பிள்ளைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன முறை ஒருவரை விட்டுவிட்டேன், ஆறு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

எனக்குத் தந்த தலைப்பு, உலோகச் சிக்கற் சேர்வைகளின் தயாரிப்பும் பளிங்குக் கட்டமைப்பும். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பளிங்கைப் படிகம் என்கின்றன, சிக்கற் சேர்வையை அணைவுச் சேர்மம் என்கின்றன. அணைவு என்றால் பிள்ளைகள் கிட்ட வருவார்கள், சிக்கல் என்றால் ஓடுவார்கள். சரி, அது வேறு சண்டை. மூன்று விடயம் சொல்வேன்: எப்படிச் செய்வது, உள்ளே எப்படி இருக்கிறது, மருந்தில் என்ன பயன். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: பதறாத காரியம் சிதறாது.

சிக்கற் சேர்வை என்றால் இதுதான்: நடுவில் ஓர் உலோக அயன், அதாவது மின்னேற்றமுள்ள உலோக அணு. அதைச் சுற்றி, பிணைப்பில் சேராமல் தங்களிடம் மிஞ்சியிருக்கும் தனிச்சோடி இலத்திரன்களைக் கொடுத்துப் பிணைந்து நிற்கும் மூலக்கூறுகள் அல்லது அயன்கள், அவைதான் இணையிகள். இதை 1893இல் சொன்னவர் அல்பிரட் வேர்ணர் என்ற இரசாயனவியலாளர். அப்போது அவருக்கு வயது 26. நோபல் பரிசு வந்தது 1913இல்.

செய்முறை எளிது. செப்புசல்பேற்றை, அதுதான் நம் மயில்துத்தத்தை, நீரில் கரைத்து அமோனியாக் கரைசலை விடுங்கள். முதலில் வெளிர்நீல வீழ்படிவு, அதாவது கரையாத திண்மம், வரும். பிழைத்துவிட்டது என்று ஊற்றிவிடாதீர்கள். இன்னும் அமோனியா விட்டால் அது கரைந்து கடும் நீலமாகும். அதன் மேல் எதனோலை, அதுதான் மதுசாரத்தை, மெல்ல வார்த்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். விடியப் பார்த்தால் நீலப் பளிங்குகள். அவசரப்பட்டுக் கலக்கினால் தூள்தான் மிஞ்சும். பதறாத காரியம் சிதறாது.

இந்த இடத்தில் என் அம்மம்மாவைச் சொல்லாமல் போக முடியாது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். பக்கத்துத் தோட்டக்காரர் முந்திரிகைப் பந்தலுக்கு, திராட்சைக்குத்தான், அடிக்க வைத்திருந்த மயில்துத்தத்தில் ஒரு பிடி வாங்கி, இன்னொரு ஜாம் போத்தலில் கரைத்து, தையல் நூலில் சின்னப் பளிங்கொன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று கிழமை. புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்துவிட்டது. அடுத்த நாள் நல்லூர்த் தேர். அம்மப்பாவின் ஒரேயொரு கரை வேட்டி கிணற்றடியில் சவர்க்கார நுரையோடு கிடக்கிறது. அம்மம்மாவுக்குக் கண் மங்கல். போத்தலைப் பார்த்தார், வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலம் என்று நினைத்தார், வாளிக்குள் முழுதாக ஊற்றிவிட்டார். வேட்டி முழுக்கப் பாசி பிடித்தாற்போல் பச்சைநீலத் திட்டு! அம்மப்பா வேலியடியில் நின்று போட்ட சத்தம் கோயிலடி வரை கேட்டது. நானோ பளிங்கைத் தேடி வாளிக்குள் கையை விட்டபடி அழுகிறேன். அம்மம்மா பதறவேயில்லை. குசினியிலிருந்து நாலு தேசிக்காய் எடுத்துவந்து பிழிந்து தேய்த்தார். கறை கழன்றது. நல்லூரில் அம்மப்பா வெள்ளை வேட்டியோடுதான் நின்றார்.

ஆசிரியரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுக் கரும்பலகைக்குப் போனார். சவர்க்காரத்தின் கொழுப்பமிலம் செப்பைப் பிடித்தது, கரையாத செப்புச் சவர்க்காரம் வந்தது. தேசிக்காயின் சித்திரிக்கமிலம் அதைக் குலைத்து, செப்பைத் தான் சூழ்ந்துகொண்டு நீரோடு இழுத்துப் போனது. சிக்கற் சேர்வை நான் படித்தது அந்த வாளியில்தான்.

கட்டமைப்புக்கு வருவோம். 1912இல் ஜேர்மனியின் மியூனிக்கில், பௌதிகவியலாளர் லாவேயின் யோசனைப்படி பிரீட்ரிக், நிப்பிங் இருவரும் ஒரு பளிங்குக்குள் எக்ஸ் கதிரை விட்டார்கள். பின்னால் வைத்த புகைப்படத் தட்டில் புள்ளிகள் விழுந்தன. உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அவர்கள் முதலில் எடுத்த பளிங்கு எது தெரியுமா? மயில்துத்தம்! அம்மம்மா வாளிக்குள் ஊற்றிய அதே சாமான். அதன் முழுக் கட்டமைப்பை 1934இல் பீவர்ஸ், லிப்சன் இருவரும் சொன்னார்கள். செப்பைச் சுற்றிச் சதுரமாக நாலு நீர், மேலும் கீழும் சற்றுத் தள்ளி சல்பேற்றின் ஒட்சிசன்கள். ஐந்தாவது நீர் செப்பைத் தொடுவதே இல்லை, ஐதரசன் பிணைப்பு என்ற மெல்லிய பிடிப்பில் ஓரமாக நிற்கிறது. கலியாண வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையைப் பார்க்காமல் சமையற்காரரோடு கதைத்துக்கொண்டு நிற்பவர் மாதிரி. அமோனியா விட்டோமே, அது அந்த நாலு நீரையும் எழுப்பிவிட்டுத் தான் இருந்துகொள்கிறது. நிறம் கடுமையாவது அதனால்தான்.

மருந்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஆனால் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பிறகு மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். 1875இல் அவரது முயற்சியில் இரசாயன நூலும் தமிழில் வந்தது. அந்த மண்ணில் இன்று ஒரு பள்ளிக்கூடத்தில், பெயர் வேண்டாம், ஆய்வுகூட அலுமாரி நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் வீழ்படிவின் நிறத்தைப் பாடமாக்கி எழுதுகிறார்கள். திறப்பு எங்கே என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். கடைசியாகக் கேட்டபோது, "பதறாதீங்கோ மாஸ்ரர், பதறாத காரியம் சிதறாது எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்" என்றார்கள். பளிங்குக்கு மூன்று கிழமை. திறப்புக்கு எத்தனை வருடம்?

சனிக்கிழமைகளில் மூன்று மணித்தியாலம் ஆய்வுகூடத்தைத் திறந்துவிடக் கேட்டு ஒரு மனு வாசலில் இருக்கிறது. உறுப்பினர் ஐயா முதல் கையெழுத்தைப் போடுவார் என்று அவரைக் கேட்காமலே அறிவிக்கிறேன். பக்கத்து மேசையில் ஒரு ஜாம் போத்தலும் வைத்திருக்கிறேன். நஞ்சு, பிள்ளைகள் பார்க்கலாம், தொடக்கூடாது. அம்மம்மாமார் கிட்டவும் போகவேண்டாம்.