பாம்பார் சோலையின் மண்

நேயர்களுக்கு வணக்கம். நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை வகுப்பில் ஒரு தெர்மாமீட்டர் விழுந்து உடைந்தது. உள்ளே இருந்த பாதரசம் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் தரையெல்லாம் ஓடியது. காகிதத் துண்டை வைத்துக்கொண்டு துரத்தித் துரத்திப் பிடித்தோம். தரை வெடிப்புக்குள் போனதை மட்டும் எடுக்கவே முடியவில்லை. மொத்தமே ஒரு கிராம் அளவுதான் இருந்திருக்கும். கொடைக்கானல் பாதரசத்தைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த வெடிப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அங்கே பாம்பார் சோலைக் காட்டை ஒட்டி ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிய ஆலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து, 1980-களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் கம்பெனி இங்கே அமைத்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர், அதாவது இன்றைய இந்துஸ்தான் யூனிலீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்தது. ஊர் மக்கள் திரண்டார்கள். அந்த மாதமே ஆலை நின்றது.

2003-ல் 290 டன் கழிவு தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. பணக்கார நாட்டுக் குப்பை நம் கரையில் வந்து இறங்குவதுதான் வழக்கம். இங்கே அது வந்த வழியே திரும்பியது. ஊர்க்காரர்களும் பழைய தொழிலாளர்களும் விடாமல் நின்றதால் நடந்தது அது.

சரி, மூட்டை கட்ட முடிந்தது போய்விட்டது. மண்ணில் இறங்கியது?

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். காற்றோடு போய் மரப்பாசியிலும் இலையிலும் படியும், மழையோடு கீழே வரும். கொடைக்கானலின் பாசிகளிலும் ஏரி மீன்களிலும் பாதரசம் இருப்பதை இந்திய அணுசக்தித் துறையின் ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். ஏரிச் சேற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் இதை மீத்தைல் பாதரசமாக மாற்றிவிடும். ஜப்பானில் மினமாட்டா ஊரின் நரம்புகளைத் தின்றது அந்த நஞ்சுதான். சின்ன மீனை விடப் பெரிய மீனில் அது கூடுதலாகச் சேரும்.

மண்ணைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறது. தோண்டி எடுத்துத் தண்ணீரில் அலசிச் சலிப்பார்கள். பாதரசம் பெரும்பாலும் நைசான துகள்களில்தான் ஒட்டியிருக்கும். அதை மூடிய கலத்தில் சூடாக்கி, வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பார்கள். ஆனால் எந்த அளவு வந்தால் 'சுத்தம்' என்று நிறுத்துவது? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று இங்கே முடிவானது. பிரிட்டனில் வீட்டு மனைக்கு ஒரு மில்லிகிராம்தானே வழிகாட்டி அளவு என்று போராடியவர்கள் கேட்டார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் போகும், சரிவு மண் அரித்துவிடும் என்று கம்பெனி தரப்பில் சொன்னார்கள்.

மரம் போகும் என்ற கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். சோலை மரம் வளர ஒரு ஆயுள் போதாது. ஆனால் அந்த அளவை முடிவு செய்யும்போது மனையாகவும் காடாகவும் மட்டும் அந்த நிலத்தைப் பார்த்தது எனக்கு ஒப்பவில்லை. அது தண்ணீர் பிறக்கிற இடம். பாம்பாறு அங்கிருந்து மலையிறங்கி, பெரியகுளம் பக்கம் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. வெயில் காலத்தில் குடும்பம் குடும்பமாகக் குளிக்கப் போகிறோமே, அதே அருவிதான்.

தொழிலாளர்களைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ஆலைப் பாதரசம் தங்கள் உடம்பைக் கெடுத்தது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பத்து வருடம் கழித்து, 2016 மார்ச்சில், 591 பேருக்குக் கம்பெனியோடு உடன்பாடு வந்தது. அதற்குள் சிலர் உயிரோடு இல்லை. அவர்கள் குடும்பத்தார்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். பாம்பாற்றுத் தண்ணீர், சேறு, மீன் மூன்றையும் வருடா வருடம் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி, கொடைக்கானலிலும் கும்பக்கரை அருவி வாசலிலும் பலகை வையுங்கள். குளிக்க வருகிற அம்மா, பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன் அதைப் படிக்கட்டும்.

வணக்கம்.